மாடிச் சாவியும் மிஷின் பாஷையும்

மண்ணூர்பேட்டை
10-8-2025, ஞாயிறு

அகல்யா பாப்பாவுக்கு,

கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் அய்யாசாமி எழுதுவது. நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. இந்த ஒரு கடிதத்துக்கு நேற்றும் இன்றும் ஆகியிருக்கிறது. கை வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை.

ஜூன் மாதம் நீங்கள் புனேவுக்கு வேலை மாறிப் போனபோது எனக்கு என் பெயரும் எண்களும்தான் எழுத வரும். இப்போது எங்கள் குத்தம்பாக்கம் பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் பானுப்பிரியா டீச்சர் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கேட்கச் சொல்கிறார். அறுபத்தாறு வயதில் இந்தப் பெருமை! பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே வருகிறேன். பூந்தமல்லி வருவதற்குள் வாய் வறண்டுவிடுகிறது.

நீங்கள் செய்து கொடுத்த மிஷின் கேட்டில் நன்றாக ஓடுகிறது. படிக்கத் தெரியாத எனக்காக ஃபிளாட்டில் இருப்பவர்கள், வழக்கமாக வந்து போகிறவர்கள் எல்லார் முகத்தையும் படமாக வைத்துக் கொடுத்தீர்கள். யார் வந்தாலும் அவர் முகத்தை அமுக்கினால் போதும். சாவி வாங்கினால் சாவிப் படம். தேதியையும் நேரத்தையும் அதுவே எழுதிக்கொள்கிறது. இப்போது நான் அமுக்கிவிட்டு, கை பழகுவதற்காக ஒரு நீள நோட்டிலும் எழுதி வைக்கிறேன்.

லிஃப்ட்தான் ஓடவில்லை. ஆடி முதல் ஞாயிறு, ஜூலை இருபதாம் தேதி சாயங்காலம் இங்கே மழை பெய்தது, அன்று மாடியில் லிஃப்ட் ரூமுக்குள் தண்ணீர் போய் எதுவோ எரிந்துவிட்டது. நாலாம் மாடி சரசா அம்மா மூட்டு வலியோடு படி இறங்கும்போது எல்லாரையும் திட்டிக்கொண்டே இறங்குகிறார். ஏறும்போது திட்ட மூச்சு இருப்பதில்லை.

ஒரு கேள்வி. நீங்கள் கம்ப்யூட்டருக்கு எழுதுவதும் ஒரு பாஷை என்று சொன்னீர்கள். "அது நம்ம பாஷையை விடக் கிறுக்கு தாத்தா" என்று சிரித்தீர்கள். என்ன கிறுக்கு? எழுதுங்கள். போனில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு வாசிக்க வேண்டும்.

அய்யாசாமி


புனே
17-8-2025

அன்புள்ள அய்யாசாமி தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இந்த ஊரில் எனக்கு வந்த முதல் கடிதம் இது. ஆபீஸ், அறை, மறுபடி ஆபீஸ் என்று நாள் போகிறது. தமிழில் ஒரு வாக்கியம் கேட்டுப் பல நாட்களாகின்றன.

கிறுக்கைப் பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் பாஷைகளில் பெரும்பாலானவை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். பத்துப் பேரை வரிசையில் நிறுத்தினால் முதல் ஆள் பூஜ்ஜியம், கடைசி ஆள் ஒன்பது.

நான் அதிகம் எழுதும் பாஷையிடம் ஒன்று, இரண்டு, பத்து என்ற எண்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் ஒன்று, பத்து, இரண்டு என்று அடுக்கும். எண்ணையும் சொல்லைப் போல முதல் எழுத்தை வைத்துப் பார்க்கிற பழக்கம் அதற்கு. அதே பாஷையில் 'இது எண் இல்லை' என்று ஒரு சரக்கு உண்டு. அது என்ன வகை என்று கேட்டால் 'எண்' என்று பதில் வரும். சரி, நீயும் நீயும் ஒன்றுதானே என்று கேட்டால் இல்லை என்று சாதிக்கும்.

இன்னொரு பாஷையை இரண்டு கல்லூரி மாணவர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்னால் விளையாட்டாகச் செய்தார்கள். அதில் கட்டளை போடும்போது நடுநடுவே 'தயவுசெய்து' என்று சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னால் மரியாதை இல்லை என்று வேலை செய்யாது. அதிகமாகச் சொன்னால் குழைகிறாய் என்று அப்போதும் செய்யாது.

வேறொரு பாஷையில் எழுத்துக்கு மதிப்பே கிடையாது. எழுத்துகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடமும் வரி முறிவும்தான் கணக்கு. முழு நிரலையும் காகிதத்தில் அச்சடித்தால் வெள்ளைத் தாள்தான் வரும்.

சிரித்தீர்களா?

அன்புடன்,
அகல்யா


மண்ணூர்பேட்டை
30-8-2025

அகல்யா பாப்பாவுக்கு,

சிரித்தேனா என்று கேட்கிறீர்கள். கேட்டைத் திறக்க மறந்து சிரித்தேன். வெளியே நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்துத்தான் நினைவு வந்தது.

'தயவுசெய்து' பாஷை எனக்குத் தெரியும். திருமழிசையில் ஒரு கம்பெனியில் நான் இருபது வருடம் லோடு ஏற்றினேன். சூப்பர்வைசரை ஒரு தடவைகூட 'சார்' என்று சொல்லாவிட்டால் லீவு கிடையாது. பத்துத் தடவை சொன்னால், "இன்னா, எதுனா ஒடச்சிட்டியா?" என்பார். மூன்று தடவைதான் சரியான அளவு.

வெள்ளைத் தாள் பாஷையும் எனக்குப் பழக்கமே. அறுபத்தைந்து வருடம் எல்லாத் தாளிலும் நான் வெற்றிடத்தை மட்டும்தானே வாசித்தேன்!

தன்னைத் தானே இல்லை என்று சொல்கிற சரக்கைப் பற்றிப் பொன்னியம்மாவிடம் சொன்னேன். உங்கள் ஃபிளாட்டின் படிகளைக் கூட்டித் துடைக்கிறதே, எங்கள் தெருப் பொன்னியம்மா, அதுதான். விளக்குமாற்றை வைத்துவிட்டுச் சொன்னது: "இது இன்னா அதிசயம் அண்ணாத்தே? எங்க பக்கத்தூட்டு கோவிந்தராஜ் குட்சிட்டு வந்து படுத்துகினு, கடன்காரன் கூப்ட்டா உள்ளேர்ந்து அவனே சொல்லுவான், கோவிந்தராஜ் ஊட்ல இல்லீங்கன்னு."

8-9-2025

மேலே எழுதியதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது.

லிஃப்ட் சரியாகிவிட்டது. ஆனால், மாடியில் லிஃப்ட் ரூம் கதவை யாரோ திறந்து போட்டதால்தான் மழைத் தண்ணீர் உள்ளே போனது என்று லிஃப்ட்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று ஃபிளாட் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. ஜூலை இருபதாம் தேதி மாடிச் சாவியை வாங்கியது யார்? செக்ரட்டரி சுப்பராயன் சார் மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, பழைய தேதி பார்க்கிற பக்கத்தில் 20 என்றும் 7 என்றும் அமுக்கினார். சாவிப் படத்துக்குப் பக்கத்தில் பொன்னியம்மா முகம் வந்தது.

"இது உன் மூஞ்சிதானேம்மா?"

"மூஞ்சி எந்துதான் சார். ஆனா அன்னிக்கு நான் வரவே இல்ல. எங்க தெரு அம்மனுக்குக் கூழு ஊத்துனோம்."

"மனுஷன் பொய் சொல்லலாம். மிஷின் பொய் சொல்லாதும்மா."

ஒரு மாதமாக எல்லாரும் படி ஏறிய கோபம். யாரும் குறுக்கே பேசவில்லை. பொன்னியம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போனால் போகிறது, வேறு வேலை கிடைக்கும். ஆனால் 'திறந்து போட்டுவிட்டுப் பொய்யும் சொன்னவள்' என்ற பேரோடு அது கேட்டைத் தாண்டிப் போனது.

அந்த வாரம் நான் சனிக்கிழமையே டூட்டிக்கு வந்து ஞாயிறும் இங்கேயே தங்கியவன். ஊரில் கூழ் ஊற்றியதை நான் பார்க்கவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். மிஷின் தப்பு செய்யுமா?

அய்யாசாமி


புனே
14-9-2025

அய்யாசாமி தாத்தாவுக்கு,

பொன்னியம்மா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். மிஷின் தானாக எதையும் எழுதாது. நாம் அமுக்கியதைத்தான் வைத்துக்கொள்ளும். அன்று நீங்கள் வேறு முகத்தை அமுக்க வந்து, கை தவறிப் பக்கத்துப் படத்தை அமுக்கியிருக்கலாம். அவசரத்தில் யாருக்கும் நேர்வதுதான். இல்லாவிட்டால் பொன்னியம்மாவே மறந்திருக்கலாம்.

அந்த நிரலை நான் சம்பளத்துக்குச் செய்யவில்லை, தாத்தா. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்களுக்காகச் செய்தேன். இங்கே ஆபீஸில் எது நின்றாலும் 'இதை எழுதியது யார்' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மூன்று மாதமாகப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நீங்களும் அதையே கேட்டதும் கஷ்டமாகிவிட்டது.

அகல்யா


குத்தம்பாக்கம்
21-9-2025

அகல்யா பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கை தவறியிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இதை வாசிக்கத்தானா எழுத்துக் கற்றுக்கொண்டோம் என்று இருந்தது.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஒன்றை மறைத்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் நீள நோட்டு ஒன்று எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? கூட்டம் முடிந்த அன்றே அதைப் பிரித்துப் பார்த்தேன். இருபது, ஏழு, ஞாயிறு, மாலை நாலு மணி, மாடிச் சாவி. பொன்னியம்மா பேர் இல்லை. செக்ரட்டரி சுப்பராயன் சார் பேர் இருக்கிறது. என் கையெழுத்துதான்.

நோட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மிஷின் படித்தவர்கள் செய்தது. நான் எழுதக் கற்றுச் சில மாதம்தான். அந்த நாட்களில் தேதியைத் தப்பாக எழுதி டீச்சரிடம் திருத்தம் வாங்கியிருக்கிறேன். நான்தான் தப்பாக எழுதியிருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, செக்ரட்டரி பேரைச் சொல்லப் பயம். 'பயம்' என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

பொன்னியம்மா இப்போது திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறது. நேற்றுத் தெருவில் என்னை நிறுத்திக் கேட்டது.

"நீதான கேட்டாண்ட குந்திகினு இருந்தே? நான் வந்தனா வர்லியா, உனுக்குத் தெரியாதா அண்ணாத்தே?"

நான், "ஞாபகம் இல்ல பொன்னி" என்றேன். அது என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை.

அய்யாசாமி


மண்ணூர்பேட்டை
24-9-2025, புதன்

அகல்யா பாப்பாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. அடுத்த கடிதம் இது.

இன்று காலை கேஸ் சிலிண்டர்காரர் வந்துபோனார். முகத்தை அமுக்கினேன், நோட்டிலும் எழுதினேன். பிறகு ஒரு யோசனை வந்தது. என் நோட்டு பொய்யா மிஷின் பொய்யா என்று ஜூலை மாதத்தில் போய் ஏன் தேட வேண்டும்? இன்றைக்கு வைத்தே பார்க்கலாமே. பழைய தேதி பார்க்கிற பக்கத்துக்கு நான் இதுவரை போனதில்லை, அங்கே படம் இல்லை, எல்லாம் எழுத்து. இன்று போனேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். நாள் என்று இருந்த இடத்தில் 24 அமுக்கினேன். மாதம் என்று இருந்த இடத்தில் 9 அமுக்கினேன்.

ஒன்றுமே இல்லை. காலி.

என் கைதான் தவறிவிட்டது என்று மறுபடி அமுக்கினேன். காலி. அப்புறம் சும்மா 24, 8 என்று அமுக்கினேன். சிலிண்டர்காரர் நிற்கிறார்! அரை மணி முன்னால் வந்தவர், போன மாதத்தில் நிற்கிறார்.

அப்படியானால் ஜூலை எங்கே நிற்கும்? 20, 6 என்று அமுக்கினேன். சாவிப் படம். பக்கத்தில் சுப்பராயன் சார் முகம். நாலு மணி.

பொன்னியம்மா சாவி வாங்கியது ஆகஸ்ட் இருபது, மாடி கழுவ. என் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

பாப்பா, நீங்கள் எழுதினீர்களே, உங்கள் பாஷை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்று. மாதத்தையும் அப்படித்தான் எண்ணுமா?

அய்யாசாமி


புனே
29-9-2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

ஆமாம். மாதத்தையும் அப்படித்தான் எண்ணும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாஷை நாளை ஒன்றிலிருந்து எண்ணும். வருடத்தை அப்படியே சொல்லும். நடுவில் மாதத்தை மட்டும் பூஜ்ஜியத்திலிருந்து. அதற்கு ஜனவரி பூஜ்ஜியம், ஆகஸ்ட் ஏழு. நாங்கள்தான் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் விழுவார்கள், மற்றவர்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். உங்களுக்குக் கிறுக்குகளைப் பட்டியல் போட்டு எழுதியபோதுகூட இது நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி கடைசியில் அதை மாட்டினேன். படங்கள் சரியாக வருகின்றனவா என்று மட்டும் பார்த்தேன். தேதிப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. ஒரு ஜனவரி வந்திருந்தால் பூஜ்ஜியம் என்று காட்டித் தவறைக் காட்டிக்கொடுத்திருக்கும். அதற்குள் பொன்னியம்மாவின் ஜூலை வந்துவிட்டது.

உங்கள் கை தவறவில்லை. என் கைதான் தவறியது. அதை உங்கள் மேல் போட்டேன். இதை எழுதும்போது எனக்கும் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

சுப்பராயன் சாருக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். நோட்டு உங்களுடையது. நீங்கள் பேசிய பிறகு நான் பேசுகிறேன். இங்கிருந்தபடியே நிரலைத் திருத்த ஐந்து நிமிடம் போதும், ஆனால் வரும் ஞாயிறு மாதக் கூட்டம் முடியும்வரை திருத்தப் போவதில்லை. தவறு எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். சங்கத்துக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே வைத்திருக்கிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பொன்னியம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. 'அகல்யாதான் தப்பு செய்தது' என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

அகல்யா


குத்தம்பாக்கம்
7-10-2025, செவ்வாய்

அகல்யா பாப்பாவுக்கு,

ஞாயிறு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணவில்லை.

பொன்னியம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வந்தது, ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டது. உள்ளே கூட்டம். நான் நோட்டோடு போய் நின்றேன்.

"என்ன அய்யாசாமி?" என்றார் சுப்பராயன் சார்.

"கொஞ்சம் படிக்கணும் சார்."

"நீயா? என்னத்தப்பா படிக்கப் போறே?"

படித்தேன். வகுப்பில் படிப்பது போல வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. இருபது. ஏழு. ஞாயிறு. மாலை நாலு மணி. மாடிச் சாவி. சுப்பராயன் சார்.

யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. அவர், "நானா?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் மிஷினை மேஜை மேல் வைத்து அன்றைய தேதியை அமுக்கச் சொன்னேன். 5, 10. காலி. 5, 9 அமுக்கினார். அன்று காலை நாற்காலி கொண்டுவந்தவர் முகம் வந்தது. உங்கள் கடிதத்தை அவரே சத்தமாக வாசித்தார். பிறகு யாரும் சொல்லாமலே 20, 6 அமுக்கித் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரசா அம்மா அவர் மனைவிதானே, பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஏங்க, டிஷ்ஷைத் திருப்பறேன்னு மாடிக்குப் போய்த் தொப்பலா நனைஞ்சு வந்து சுக்குக் காபி கேட்டீங்களே! அன்னைக்குத்தான் லிஃப்ட் நின்னது. ஒரு மாசம் என் முட்டியை நீங்களா உடைச்சீங்க?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லிஃப்ட் ரூம் வழியாத்தான் டிஷ்ஷுக்குப் போகணும். மழை வந்ததும் ஓடி வந்துட்டேன். கதவை மூடினேனான்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றார்.

எழுந்து நேராகக் கேட்டுக்குப் போனார். "மன்னிச்சிரும்மா. நாளைக்கே வேலைக்கு வந்துரு."

பொன்னியம்மா அசையவில்லை. "அது இருக்கட்டும் சார். அன்னிக்கு அல்லாரும் குந்திகினு இருக்கசொல்ல என்னைப் பொய்க்காரின்னீங்க. இப்ப தனியா வந்து கேட்டுல சொல்றீங்க. உள்ள வந்து சொல்லுங்க."

உள்ளே கூட்டிவந்து எல்லார் முன்னாலும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை, "பொய் சொல்லாதவளைப் பொய்க்காரின்னேன், என் தப்பு" என்று முழுதாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

என்னிடம் பொன்னியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் தப்பு என்று நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "அது தூரத்துல கீற பொண்ணு, தெரியாம செஞ்சிது. நீ தெரிஞ்சே சும்மா இருந்தே" என்று சொல்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது நியாயம்தான்.

நேற்றுக் காலை பஸ்ஸில் ஏறினேன். பொன்னியம்மா பழையபடி ஃபிளாட் வேலைக்குக் கிளம்பி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தது. பக்கத்து சீட்டில் சாப்பாட்டுக் கூடை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச தூரம் போனதும் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"குந்து."

உட்கார்ந்தேன்.

"இனிமே உனுக்கு ஒண்ணு தெரிஞ்சா, வாயத் தொறந்து சொல்லு அண்ணாத்தே. எழுதி எழுதிப் பொட்டில பூட்டி வச்சிகினு இருக்கறதுக்கா இந்த வயசுல படிக்கப் போன?"

"சொல்றேன் பொன்னி" என்றேன்.

பூந்தமல்லி வரும்வரை அது திட்டிக்கொண்டே வந்தது. ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகள் போய்க்கொண்டே இருந்தன. நேற்று நான் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை.

அய்யாசாமி